11 டொமைன், ஒரே லாக் ஃபைல்

கேள்வி: சின்னமனூரில் டிசைனிங், வெப்சைட் வேலை செய்து தரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். உபுண்டுவும் அப்பாச்சியும் போட்ட ஒரே விபிஎஸ் சர்வரில் 11 டொமைன்கள் ஓடுகின்றன. போடி ஏலக்காய் வியாபாரி ஒருவர் (இவருக்கு மட்டும் மூன்று டொமைன்), கம்பம் பக்கம் திராட்சை விவசாயிகள் குழு ஒன்று, மேகமலை போகும் வழியில் ஒரு தங்கும் விடுதி, ஆண்டிபட்டி சேலைக்கடை, இரண்டு பள்ளிகள், இன்னும் சில. "ஏலம் நடக்கிற நாளில் நம்ம விலைப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறாங்க, அதில் வடநாட்டுக்காரங்க எத்தனை பேர்?" என்று போடிக்காரர் கேட்டார். லாக்கைத் திறந்தால் எல்லா சைட்டும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. எந்த வரி யாருடையது என்றே தெரியவில்லை. சரி என்று லாக் ஃபோல்டருக்குள் ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு தனி ஃபோல்டர் போட்டுப் பிரித்தேன். ஒன்றரை மாதத்தில் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றுவிட்டது. பெரிய ஃபைல்களை அழித்தும் இடம் திரும்பவில்லை. இன்னொரு குழப்பம்: ஆன்லைன் வியாபாரமே இல்லாத ஆண்டிபட்டி சேலைக்கடைக்குத்தான் ஹிட்ஸ் அதிகமாகக் காட்டுகிறது. லாக்கை எப்படிப் பிரிப்பது? எத்தனை நாள் வைப்பது? வாடிக்கையாளர் கேட்டால் கொடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சின்னமனூர்

பதில்: உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருந்தாலும் எல்லாம் ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகின்றன. அந்த வரியிலிருந்தே தொடங்குவோம். (கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் அச்சிடுகிறோம். டைப் செய்யும்போது ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.)

புது சைட் சேர்க்கும்போது நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று ஊகிக்க முடிகிறது. 000-டீஃபால்ட் என்ற கான்ஃபிக் ஃபைலைக் காப்பி அடித்து, டொமைன் பெயரை மட்டும் மாற்றியிருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த மாதிரி ஃபைலின் கடைசியில் 'கஸ்டம்லாக்' என்று ஒரு வரி உண்டு: ஆக்சஸ்.லாக் என்ற ஃபைலில், 'கம்பைண்ட்' வடிவத்தில் எழுது என்று அது சொல்கிறது. 11 காப்பியிலும் அதே வரி. ஆகவே 11 சைட்டும் ஒரே ஃபைலில் எழுதின. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வரியை நீங்கள் அழித்திருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும். லாக் வரி இல்லாத சைட்டுகளின் பதிவை உபுண்டு தானாகவே 'அதர்-விஹோஸ்ட்ஸ்-ஆக்சஸ்.லாக்' என்ற வேறு ஃபைலில், ஒவ்வொரு வரியின் முன்னாலும் டொமைன் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளும்.

கம்பைண்ட் வரி ஒன்றை எடுத்துப் பாருங்கள். முதலில் வந்தவரின் ஐபி முகவரி. அடுத்து பெரும்பாலும் இரண்டு சிறு கோடுகள். சதுர அடைப்புக்குள் நாளும் நேரமும். மேற்கோளுக்குள் அவர் கேட்ட பக்கம். பிறகு 200, 301, 404 போன்ற விடை எண், அனுப்பிய பைட்டுகள், எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், என்ன பிரவுசர். எந்த சைட்டுக்கு வந்தார் என்பது மட்டும் இல்லை. இது அப்பாச்சி செய்த கவனக்குறைவு அல்ல. இந்த வடிவத்தின் மூலம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் உருவான என்சிஎஸ்ஏ வெப் சர்வர். அன்றைக்கு ஒரு முகவரி என்றால் ஒரு சைட்தான். பெயரை எழுத அவசியமே வரவில்லை. ஒரே ஐபியில் பல டொமைன்களை வைக்க உதவும் 'ஹோஸ்ட்' தலைப்பு, ஹெச்டிடிபி 1.1 தரநிலை 1997 ஜனவரியில் வெளியானபோதுதான் கட்டாயமானது. டொமைன்கள் பெருகிய பிறகும் லாக் வரி பழைய வடிவத்திலேயே நின்றுவிட்டது.

பழைய கலப்பு ஃபைலை இப்போது பிரிக்க முடியுமா? ஓரளவுக்கு. ஒரு பக்கத்தைத் திறந்ததும் அதற்குள் இருக்கும் படம், சிஎஸ்எஸ் ஃபைல்களை பிரவுசர் கேட்கும். அந்த வரிகளில் 'எங்கிருந்து வந்தார்' என்ற இடத்தில் உங்கள் டொமைன் பெயரே இருக்கும். அதே ஐபி, அதே நொடிகளை வைத்து முதல் வரி யாருடையது என்று பிடித்துவிடலாம். தோராயக் கணக்குக்கு இது போதும். காசு வாங்கிக்கொண்டு கொடுக்கும் அறிக்கைக்குப் போதாது.

அடுத்து டிஸ்க். உபுண்டுவில் பழைய லாக்கைச் சுருட்டி வைக்கும் வேலை 'லாக்ரொட்டேட்' உடையது. அப்பாச்சிக்காக அதில் எழுதியிருப்பது இவ்வளவுதான்: அப்பாச்சி2 லாக் ஃபோல்டரில் '.லாக்' என்று முடியும் ஃபைல்களை நாள்தோறும் சுருட்டு, 14 வை, மற்றதை அழி. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டால் அங்கே அது எட்டிப்பார்க்காது. நீங்கள் 11 ஃபோல்டர் போட்ட நாளிலிருந்து உங்கள் லாக் எதுவும் சுருட்டப்படவே இல்லை. சின்ன சைட்டுகள் டிஸ்க்கை நிரப்பும் அளவுக்கு எழுதுமா என்று நினைக்காதீர்கள். மனிதர்கள் வராவிட்டாலும் பாட்கள் வரும். வேர்டுபிரஸ் லாகின் பக்கத்தை இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் ஒரே ஒரு பாட் போதும். சைட்டில் வேர்டுபிரஸ் இல்லாவிட்டாலும் அது தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு 404 வரி விழும்.

அழித்தும் இடம் வராததற்குக் காரணம் லினக்ஸின் இயல்பு. ஒரு புரோகிராம் திறந்து வைத்திருக்கும் ஃபைலை 'ஆர்எம்' போட்டு நீக்கினால் பெயர் மட்டும்தான் போகும். அப்பாச்சி அதைக் கையில் பிடித்திருக்கும்வரை உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே இருக்கும், அப்பாச்சி அதில் தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கும். 'எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1' என்று கேட்டால் இப்படிப் பெயர் இழந்த ஃபைல்களின் பட்டியல் வரும். அப்பாச்சியை ஒரு முறை ரீலோடு செய்தால் இடம் திரும்பிவிடும். இனி அவசரத்துக்கு இடம் வேண்டுமானால் ஃபைலை நீக்காதீர்கள். 'ட்ரங்கேட்' கட்டளையால் காலி செய்யுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரு ஃபைல் என்று நீங்கள் பிரித்தது எனக்குச் சரியாகப் படவில்லை. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் 2007-லிருந்து மின்னணு ஏலம் நடப்பது உங்களுக்குத் தெரியும். காய் அங்கே லாட் லாட்டாகத்தான் வருகிறது. லாட் என்பது இன்னாருடைய சரக்கு என்பதற்கான அடையாளம். ஒருவருடைய காய் இன்னொருவர் லாட்டில் கலந்தால் தகராறு. ஒருவரே பல மூட்டை கொண்டுவந்தால் மூட்டைக்கு ஒரு தோட்டக்காரர் என்று யாரும் எழுதுவதில்லை. லாக்கையும் அப்படிப் பாருங்கள். நாளைக்கு இந்த ஃபைலைக் கேட்டு வரப்போவது யார்? டொமைன் கேட்காது, அதன் சொந்தக்காரர் கேட்பார். ஆகவே சொந்தக்காரருக்கு ஒரு ஃபைல். போடிக்காரரின் மூன்று டொமைனும் ஒரே ஃபைலில் போகட்டும். விடுதிக்கு ஒன்று, சேலைக்கடைக்கு ஒன்று. நீங்கள் சொன்ன கணக்குப்படி 11 டொமைனுக்கு 9 ஃபைல் வருகிறது. இரண்டு பள்ளியும் ஒரே நிர்வாகம் என்றால் 8.

எழுதும் வடிவத்தை எல்லா இடத்திலும் 'விஹோஸ்ட்-கம்பைண்ட்' என்று வையுங்கள். உபுண்டுவில் இது ஏற்கெனவே தயாராக இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் டொமைன் பெயரும் போர்ட் எண்ணும் வரும். ஒரே ஃபைலுக்குள் இருந்தாலும் போடிக்காரரின் எந்த டொமைனுக்கு ஆள் வருகிறது என்பதை முதல் சொல்லை வைத்தே எண்ணிவிடலாம். முன்னால் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ' போட்டு வந்தவரும் போடாமல் வந்தவரும் ஒரே சர்வர்நேமுக்குக் கீழ் இருந்தால் ஒரே பெயரில் பதிவாவார்கள். நமக்கு அதுதான் வசதி. போர்ட் எண்ணும் உபயோகமானதே. 80-இல் வந்து 301 வாங்கிக்கொண்டு 443-க்குப் போகிறவர் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகிறார். அதை இரண்டு ஆளாக எண்ணிக் கணக்குக் கொடுத்தவர்கள் உண்டு. இன்னொன்று, 80-க்கும் 443-க்கும் விர்ச்சுவல்ஹோஸ்ட் பகுதிகள் வேறு வேறு. லாக் வரியை இரண்டிலும் மாற்ற வேண்டும்.

தனி ஃபோல்டர்கள் வேண்டாம். எல்லா ஃபைலும் அந்தப் பழைய அப்பாச்சி2 லாக் ஃபோல்டரிலேயே இருக்கட்டும். பெயர் மட்டும் '.லாக்' என்று முடிய வேண்டும். இதை மறந்து 'போடி-ஆக்சஸ்' என்று மொட்டையாக விட்டால் லாக்ரொட்டேட் அதையும் தொடாது, பழைய கதைதான். வாடிக்கையாளரின் சொந்த ஃபோல்டருக்குள், அவர் எஃப்டிபியில் பார்த்துக்கொள்ளட்டும் என்று லாக்கை வைக்கும் பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. செய்யாதீர்கள். அப்பாச்சி லாக்கைத் திறப்பது ரூட் அதிகாரத்தோடு. அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை உள்ளவர் லாக் ஃபைல் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு ஃபைலுக்கு லிங்க் வைத்துவிட்டால், ரூட் போய் அதில் எழுதும். அப்பாச்சியின் சொந்தக் கையேடே இதை எச்சரித்திருக்கிறது.

இது 10, 20 சைட் உள்ளவருக்கான வழி. ஒவ்வொரு லாக் ஃபைலும் அப்பாச்சிக்கு ஒரு ஃபைல் ஹேண்டில் செலவு. நூற்றுக்கணக்கில் டொமைன் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் பெயரோடு எழுதிவிட்டு, இரவில் அப்பாச்சியோடு வரும் 'ஸ்ப்ளிட்-லாக்ஃபைல்' ஸ்கிரிப்டால் பிரித்துக்கொள்ளலாம். என்ஜின்எக்ஸ் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை: லாக் பெயரில் 'ஹோஸ்ட்' என்ற மாறியைப் போடாதீர்கள். அது வருகிறவர் சொல்லும் பெயர். பொய்ப் பெயர் சொன்னால் அந்தப் பெயரிலும் ஒரு ஃபைல் முளைக்கும். 'சர்வர்நேம்' மாறியைப் போடுங்கள்.

ஆண்டிபட்டி சேலைக்கடை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். எந்த டொமைன் பெயரும் சொல்லாமல், வெறும் ஐபியை மட்டும் தட்டிக்கொண்டு வரும் பாட்கள் ஏராளம். யாருடைய பெயரோடும் பொருந்தாத வருகையை அப்பாச்சி முதலில் படித்த விர்ச்சுவல்ஹோஸ்டின் தலையில் கட்டிவிடும். உபுண்டுவில் கான்ஃபிக் ஃபைல்கள் அகர வரிசையில் படிக்கப்படுகின்றன. 000-டீஃபால்டைத் தேவையில்லை என்று நீங்கள் அணைத்திருப்பீர்கள். ஆங்கில அகர வரிசையில் ஆண்டிபட்டி முதலாவதாக வந்திருக்கும். உலகத்துப் பாட்கள் எல்லாம் சேலைக்கடைக்குள் நுழைந்த கதை இதுதான். 000-டீஃபால்டைத் திரும்ப உயிர்ப்பித்து, அதற்கு 'குப்பை.லாக்' மாதிரி ஒரு தனி ஃபைல் கொடுங்கள். 443-க்கும் இதேபோல ஒரு டீஃபால்ட் வேண்டும். அதன் பிறகு மற்ற லாக்குகள் எவ்வளவு சுத்தமாகின்றன என்று பாருங்கள். அந்தக் குப்பை ஃபைலும் வீணல்ல. அதை ஃபெயில்2பேன் என்ற புரோகிராமுக்குக் காட்டினால் தட்டுகிறவர்களைத் தடுத்துவிடும். புதிதாக லாக் ஃபைல் சேர்க்கும்போதெல்லாம் ஃபெயில்2பேனையும் ஒருமுறை ரீலோடு செய்ய வேண்டும், இல்லையென்றால் அதற்குப் புது ஃபைல் தெரியாது.

போடிக்காரருக்குக் கணக்கு எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது நேரம். உங்கள் விபிஎஸ் யுடிசி நேரத்தில் ஓடினால் லாக்கில் ஒவ்வொரு நேரத்துக்கும் பின்னால் +0000 என்று இருக்கும். காலை 10 மணிக்கு வந்தவர் 04:30 என்று பதிவாவார். தேதி மாறுவது நம் விடியற்காலை 5.30-க்கு. அதற்கு முன்னால் பார்த்தவர்கள் எல்லாம் முந்தைய நாள் ஏலக் கணக்கில் விழுவார்கள். சர்வரின் நேர மண்டலத்தை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றி, அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்தால் +0530 வரும்.

பிறகு, எண்ணுவது எதை? 200 வாங்கிய, படம் அல்லாத, பாட் அல்லாத பக்க வரிகளை மட்டும். 'கோஅக்சஸ்' என்ற இலவசக் கருவி இதைச் செய்யும். பெயர் முன்னால் வரும் வடிவமும் அதற்குத் தெரியும். ஐபி எண்ணிக்கையை ஆள் எண்ணிக்கை என்று சொல்லாதீர்கள். மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல பேரை வைத்திருக்கின்றன. கம்பத்தில் உட்கார்ந்து போனில் பார்க்கிறவரின் ஐபி சென்னையையோ பெங்களூருவையோ காட்டலாம். ஆகவே 'வடநாட்டுக்காரர் எத்தனை பேர்' என்பதற்கு லாக்கிலிருந்து உறுதியான விடை கிடையாது. போக்கு தெரியும், எண் தெரியாது. நேர்மையாக அப்படியே சொல்லிவிடுங்கள். கிளவுட்ஃபிளேர் மாதிரி ஏதாவது முன்னால் வைத்திருந்தால் இன்னும் மோசம்: 'ரிமோட்ஐபி' மாட்யூலை அமைக்கும்வரை எல்லா வரியிலும் கிளவுட்ஃபிளேரின் ஐபிதான் இருக்கும்.

திராட்சைக் குழுவின் பக்க முகவரிகள் தமிழில் இருந்தால் லாக்கைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்ணுமாக 3 இடம் பிடிக்கும். 'தேனி' என்பதில் த, ஏகாரக் குறி, ன, இகரக் குறி என்று 4 குறியீடுகள். லாக்கில் அது 36 எழுத்தாக நீளும். 'கம்பம்' 54. யாரோ ஹேக் செய்கிறார்கள் என்று நினைத்து, சதவீதக் குறி உள்ள வரிகளையெல்லாம் தடுத்து, தமிழில் தேடி வந்த வாசகர்களையே வாசலில் நிறுத்திவிடக் கூடாது.

எத்தனை நாள் வைப்பது? உபுண்டு தருவது 14 நாள். இந்தியக் கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின் கீழ் வெளியிட்ட ஆணை, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. சர்வர் கடிகாரத்தை தேசியத் தகவலியல் மையம் (நிக்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வைக்கவும், ஊடுருவல் போன்ற சம்பவம் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் அதே ஆணை சொல்கிறது. சேவை வழங்குவோர், இடைநிலையாளர்கள், டேட்டா சென்டர்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் என்று அதன் பட்டியல் நீளம். நீங்கள் அதற்குள் வருவீர்களா மாட்டீர்களா என்று வக்கீலைக் கேட்கும் செலவைவிட 180 நாள் வைப்பது மலிவு. கணக்குப் போடுங்கள்: ஒரு வரி சுமார் 250 பைட். நாளுக்கு ஒரு லட்சம் வரி என்றால் 25 எம்பி. லாக் மாதிரியான ஒரே அச்சு எழுத்து ஜிஜிப்பில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். 180 நாளுக்கு அரை ஜிபிகூட வராது. லாக்ரொட்டேட்டில் 14-ஐ 180 ஆக்குங்கள். 'டேட்எக்ஸ்ட்' என்பதையும் சேர்த்தால் ஃபைல் பெயரிலேயே தேதி விழும்; பிற்பாடு தேடும்போது அருமை தெரியும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது இதை ஓராண்டாக உயர்த்த வேண்டியிருக்கும். டிஸ்க்கில் அதற்கும் இடம் இருக்கும்.

கடைசிக் கேள்வி, கொடுக்கலாமா? சொந்தக்காரருக்கு அவருடைய ஃபைலைக் கொடுக்கலாம். அதற்காகத்தான் ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னேன். ஆனால் முழு ஃபைல் அநேகமாக அவருக்குத் தேவைப்படாது. கோஅக்சஸ் அறிக்கையே போதும். முழு ஃபைலில் வந்தவர்களின் ஐபி இருக்கிறது. விடுதியின் புக்கிங் படிவம் 'கெட்' முறையில் அமைந்திருந்தால் விருந்தினரின் பெயரும் போன் நம்பரும் முகவரி வரியோடு லாக்கில் விழுந்திருக்கும். உடனே போய்ப் பாருங்கள். இருந்தால் படிவத்தை 'போஸ்ட்' முறைக்கு மாற்றுங்கள். காவல்துறை கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். குற்றவியல் நடைமுறைக்கான பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 94-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. நோட்டீஸில் உள்ள சைட், உள்ள தேதிகள், அவ்வளவுதான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் ஃபைலின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷை எடுத்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்னணுச் சான்றுக்கான சான்றிதழில் அது கேட்கப்படும். கலப்பு ஃபைல் வைத்திருக்கிறவர் விடுதி மீதான ஒரு புகாருக்காக இரண்டு பள்ளிகளின் பதிவையும் சேர்த்துத் தூக்கிக் கொடுக்க நேரிடும். பிரித்து வைப்பதில் உள்ள பெரிய லாபம் எனக்கு இதுவாகத்தான் தெரிகிறது, ஹிட்ஸ் எண்ணுவது அடுத்ததுதான்.

மாற்றங்களைச் செய்ததும் முதலில் 'கான்ஃபிக்டெஸ்ட்' ஓட்டுங்கள். சரி என்று வந்தால் ரீலோடு. லாக்ரொட்டேட்டை '-டி' போட்டு ஓட்டினால் எதையும் தொடாமல் எந்தெந்த ஃபைலைச் சுருட்டப்போகிறது என்று மட்டும் சொல்லும். பட்டியலில் உங்கள் ஃபைல் அத்தனையும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். பிறகு போனை எடுத்து 11 சைட்டையும் ஒரு முறை திறந்து, அந்தந்த ஃபைலில் வரி விழுகிறதா என்று பாருங்கள். எதிலாவது விழவில்லை என்றால் அந்த சைட்டின் கான்ஃபிக் ஃபைலையும் லாக்கின் கடைசி 20 வரிகளையும் எங்களுக்கு அனுப்புங்கள். ஐபி முகவரிகளை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.